மடித்து வரைந்த முகம்

"சாமி, நான் வரைஞ்ச மாதா படத்த நான் எப்பப் பாக்குறது?"

மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது.

"பொறு, தொம்மை" என்றார் கஸ்பார் சாமியார்.

கேள்விக்கு வயது ஆறு. பதிலுக்கும் அதே வயதுதான்.

சனிக்கிழமை காலையில் சாமியார் தன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, சந்தேகம் கேட்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வார். மேல்சாதிக்காரர்கள் உள்ளே போய் எதிரில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். சேரிக்காரர்கள் தட்டிக்கு வெளியே நின்று கேட்பார்கள். ஞானம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்று சாமியார் சொல்வார். தட்டியை யார் கட்டினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. அவர் கப்பலை விட்டு இறங்குவதற்கு முன்பே அது அங்கே இருந்தது.

தொம்மை பதினைந்து வருஷமாகத் தட்டிக்கு வெளியே நிற்கும் சீடன். நரகத்தில் மழை பெய்யுமா என்று கேட்டிருக்கிறான். கடவுள் பாம்பை எதற்குப் படைத்தார் என்று கேட்டிருக்கிறான். எல்லாவற்றுக்கும் சாமியார் ஒரு கதை வைத்திருந்தார். அவர் பேசுவது புத்தகத் தமிழ். ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகியும் அது தெருவுக்கு இறங்கவில்லை. ஆனாலும் கேட்க நன்றாக இருக்கும்.

படத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் அவரிடம் கதை இல்லை.

*

அது பிரெஞ்சுக்காரர் கொடி பறந்த ஒரு கடற்கரை ஊர்.

ஊர்க் கோவிலுக்கு இரண்டு கூடங்கள். பெரிய கூடம் பீடத்துக்கு நேர் எதிரே இருந்தது. அதில் மேல்சாதிக்காரர்கள் இருப்பார்கள். பக்கக் கூடம் பிறகு ஒட்டிக் கட்டியது. அதற்குத் தனி வாசல், அதில் சேரிக்காரர்கள். நடுவில் ஒரு சுவர். சுவரில் ஒரே ஒரு வளைவுத் திறப்பு.

வளைவு வழியாகப் பார்த்தால் பிரசங்க மேடை தெரியும். பீடம் தெரியாது. அதைச் சுவர் மறைத்துக்கொண்டிருந்தது.

அதனால் பக்கக் கூடத்துக்காரர்கள் பூசையைக் காதால் கண்டார்கள். மணி அடித்தால் தலை குனிவார்கள். இன்னொரு தரம் அடித்தால் நிமிர்வார்கள். சாமியார் மேடை ஏறிப் பெரிய கூடத்தைப் பார்த்துப் பேசும்போது, அவருடைய இடது கன்னம் இவர்களுக்குத் தெரியும். நற்கருணை அப்பம் கொடுக்க வளைவு வரைக்கும் வருவார். அப்போது இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறக்க வேண்டும். தெருவில் அவர் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று தரையைப் பார்க்க வேண்டும். பாவம் சொல்லப் போனால் நடுவில் மரச் சல்லடை இருந்தது.

சேரியில் சாகக் கிடப்பவர்களுக்கு மட்டும்தான் அவருடைய முழு முகமும் தெரியும். அவர்கள் திரும்பி வந்து யாருக்கும் எதுவும் சொன்னதில்லை.

*

தொம்மையின் தொழில் கோவில் சிலைகளான சுரூபங்களுக்கு வண்ணம் தீட்டுவது. எண்ணெய் வண்ணத்தில் துணிமேல் படம் வரைய அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு பிரெஞ்சு நில அளவை அதிகாரி. மழைக் காலத்தில் அளக்க நிலம் இல்லாமல் பொழுது போகாததால் கற்றுக் கொடுத்தார். பிறகு கப்பல் ஏறிப் போய்விட்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் பீடத்தின் பழைய மாதா படத்தைக் கறையான் அரித்தது. புதுப் படம் வரையத் தொம்மையைத் தவிர ஊரில் வேறு ஆள் இல்லை. சாமியார் சொல்லி அனுப்பினார். படத்தை மாட்டிய பிறகு ஒரு நாள் உள்ளே வந்து பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அந்த வருஷம்தான் தொம்மையின் மனைவி சலோமை காய்ச்சலில் செத்துப் போயிருந்தாள்.

அவன் மாதாவுக்குச் சலோமையின் முகத்தை வைத்தான். மூக்குத்தியை மட்டும் விட்டுவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. எட்டு மாசம் வரைந்தான். இன்னும் எட்டு மாசம் வரைய மனசு இருந்தது, ஆனால் வரைய மிச்சம் ஒன்றும் இல்லை.

நாலு பேர் வந்து படத்தை வெள்ளைத் துணியில் சுற்றித் தூக்கினார்கள். தொம்மையும் ஒரு ஓரம் பிடித்துக்கொண்டு கோவில் படி வரைக்கும் போனான். படியில் லாசர் நின்றிருந்தார். வெள்ளைக்காரர் பேச்சை ஊருக்கும், ஊர்ப் பேச்சை வெள்ளைக்காரருக்கும் மொழிபெயர்க்கும் துபாசி அவர். பெரிய கூடத்துக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

"இதுக்கு மேல நாங்க பாத்துக்குறோம்" என்றார் லாசர்.

தொம்மை கையை எடுத்தான். அதற்குப் பிறகு அந்தப் படத்தை அவன் பார்க்கவில்லை.

பெரிய கூடத்துக்காரர்கள் அதன் முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார்கள், முழங்காலில் நின்றார்கள், அழுதார்கள். அவர்களில் ஒருவரும் சலோமை உயிரோடு இருந்தபோது அவளை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

முதல் வருஷம் தொம்மை கண்ணை மூடினால் அவள் முகம் வந்தது. அப்புறம் மூக்குத்தி மட்டும் வந்தது. இப்போது மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதே சந்தேகமாகிவிட்டது. அதை நினைத்தால் அவனுக்குப் பயமாக இருந்தது.

*

பாரீசில் ஜனங்கள் ராசாவின் கோட்டையை உடைத்துவிட்டார்கள் என்ற சேதி கப்பலில் வந்தது. அடுத்த கப்பலில் புதுச் சட்டம் வந்தது. மனிதர் எல்லாரும் பிறப்பால் சமம், ஒவ்வொரு சாமியாரும் ஜனங்கள் முன்னால் நின்று இந்தச் சட்டத்துக்குச் சத்தியம் செய்ய வேண்டும்.

பக்கத்து ஊர்ச் சாமியார் மாட்டேன் என்று ஓடிப்போனார். கஸ்பார் சாமியார் சந்தைத் திடலில் நின்று வலது கையைத் தூக்கினார். கறுப்பு அங்கியில் மூவர்ண நாடாவைக் குத்திக்கொண்டார். ஆயர் கோபமாகக் கடிதம் எழுதினார். சாமியார் அதைப் படித்து மடித்து வைத்துக்கொண்டார்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற தொம்மைக்கு ஒரு தொப்பியும் ஒரு கையும் தெரிந்தன. குரல் மட்டும் நன்றாகக் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அவன்தான் முதல் ஆளாகத் தட்டியிடம் வந்தான்.

"சாமி, எல்லாரும் சமம்னு சத்தியம் பண்ணீங்களே. இப்பப் பாக்கலாமா?"

உள்ளே சாமியார் புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. பிறகு, அவன் பெரிய கூடத்தில் கால் வைத்தால் லாசரும் மற்றவர்களும் எழுந்து போய்விடுவார்கள் என்றார். போனால் திரும்ப மாட்டார்கள், கோவிலைப் பூட்ட வேண்டி வரும், யாருக்குமே பூசை இல்லாமல் போகும் என்றார்.

"சட்டம் ஒரே நாளில் வந்துவிடும், தொம்மை. மனிதன் மெதுவாகத்தான் வருவான்."

"மெதுவான்னா எவ்வளவு நாளு, சாமி?"

உள்ளே புத்தகம் திறக்கும் சத்தம் கேட்டது.

*

புதுச் சட்டத்தோடு புதிதாக ஒரு ஊர்ச் சபையும் வந்தது. சத்தியம் செய்த சாமியாரின் படத்தைச் சபை மண்டபத்தில் மாட்ட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தொம்மைக்கு ஆள் வந்தது.

இப்போது மண்டபத்துக்குள் யாரும் வரலாம் என்று சட்டம். தொம்மை வந்தான். லாசர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். அதைத் தடுக்கச் சட்டம் இல்லை.

சபைத் தலைவர் ஒரு பிரெஞ்சு வியாபாரி. பாரீசிலிருந்து வந்த அச்சுப் படம் ஒன்றைக் காட்டி, இந்தப் புதுப் பாணியில் வேண்டும் என்றார். தொம்மை அதைக் கையில் வாங்கிப் பார்த்தான். மேகம் இல்லை, சிறகு வைத்த சம்மனசு இல்லை, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இல்லை. ஒரு ஆள் சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்க்கிறார். கையில் ஒரு காகிதம். முகம் கல்லில் செதுக்கினதுபோல இருந்தது. பின்னால் வெறும் சுவர்.

ராசா காலத்து ஓவியர்கள் அம்மைத் தழும்பை மறைத்து, தொப்பையைச் சுருக்கி வரைவார்கள், அந்தக் காலம் போய்விட்டது, இனி உள்ளதை உள்ளபடி வரைய வேண்டும் என்று தலைவர் சொன்னார். லாசர் மொழிபெயர்த்தார்.

சுவர் நன்றாக வருமா என்று தலைவர் கேட்டார்.

"அது வரும்" என்றான் தொம்மை. "சுவர நான் நெறையப் பாத்திருக்கேன்."

கூலியாக என்ன வேண்டும் என்று கேட்டார்கள். கோவிலில் இருக்கும் மாதா படத்தை ஒரு தரம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்றான். லாசர் தலைவர் பக்கம் திரும்பி, இந்தப் படத்தை வரையக் கிடைத்ததே பெரிய பாக்கியம் என்கிறான் என்று பிரெஞ்சில் சொன்னார். தலைவருக்குச் சந்தோஷமாகிவிட்டது.

*

தொம்மை தட்டியிடம் போய், படம் வரைய மூன்று நாள் தன் எதிரில் உட்கார வேண்டும் என்று கேட்டான்.

சாமியாருக்கு அந்தப் படமே பிடிக்கவில்லை. உயிரோடு இருப்பவனைச் சுவரில் மாட்டுவது அவருக்கு வெட்கமாக இருந்தது. வேலை நிறைய இருக்கிறது என்றார்.

"இருபத்திரண்டு வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் என் முகத்தைத்தானே பார்க்கிறாய். அது போதாதா?"

யோசித்துப் பார்த்தான். ஆயிரம் ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் வந்தது. ஒரு முகத்துக்கு அது போதும் என்றே அவனுக்கும் பட்டது.

இடது பாதியை நாலே நாளில் முடித்தான். கண்ணுக்குக் கீழே இருக்கும் மூன்று சுருக்கம், காதோரத்து மச்சம், பேசும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும் உதட்டு ஓரம், எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. பிறகு தூரிகையை வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தான்.

வலது பாதி அவனிடம் இல்லை.

ஆனால் அதற்கு ஒரு வழி இருந்தது. சுரூபத்துக்கும் சம்மனசுக்கும் முகம் வரையும்போது அவன் குடும்பத்தில் வழிவழியாகச் செய்வதுதான். காகிதத்தில் பாதி முகம் போட்டு, நடுவில் மடித்து, கோடு போகிற இடமெல்லாம் ஊசியால் குத்துவார்கள். விரித்து வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் துளை வழியாகத் தூள் இறங்கி இரண்டு பக்கமும் ஒன்றுபோல விழும். மனித முகம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது என்று நில அளவை அதிகாரி சொல்லியிருந்தார். தொம்மைக்கு அது ஞாபகம் இருந்தது. இருந்தும் மடித்தான், குத்தினான், தட்டினான். மச்சத்தை மட்டும் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டான்.

கைக்கும் மாதிரி இல்லை. தன் இடது கையில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்து வரைந்தான்.

படம் முடிந்ததும் சேரியே வந்து பார்த்தது. வந்தவர்கள் தலைத் துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். "அச்சு அசலா சாமியே உக்காந்திருக்காரு" என்றார்கள். ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

*

திறப்பு நாளன்று காலை பத்து மணிக்கு மண்டபத்தில் படத்தின் திரையை இழுத்தார்கள்.

எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அப்புறம் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அது முன்வரிசைக்கு வந்தது.

தொம்மைக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்காலியின் கால் கோணலாகிவிட்டதோ என்று பார்த்தான். நேராகத்தான் இருந்தது.

தலைவர் முகம் சுளித்தார். ராசா காலத்து முகஸ்துதி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேனே என்றார். லாசருக்கு முகஸ்துதியாகத் தோன்றவில்லை. அவர் எழுந்து நின்றார்.

"கேலி பண்றான். சத்தியம் பண்ண சாமின்னு கேலி பண்றான்."

இப்படிப்பட்டவன் இனிமேல் பக்கக் கூடத்தில்கூடக் கால் வைக்கக் கூடாது என்றும் சொன்னார். நாலைந்து பேர் ஆமாம் என்றார்கள். தொம்மைக்கு மாதாவைப் பார்க்க ஒரு வழி தேடி வந்த இடத்தில், மணிச் சத்தமும் போய்விடும்போல இருந்தது.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கஸ்பார் சாமியார் எழுந்தார். படத்தின் முன்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"தொம்மை, என் வலது கண் எங்கே?"

"அங்கதான் இருக்கு, சாமி. ரெண்டும் போட்டிருக்கேன்."

மறுபடியும் சிரித்தார்கள். சாமியார் கையைக் காட்டினார். அடங்கியது.

"கிட்டே வா" என்றார்.

தொம்மை தரையைப் பார்த்தபடி கிட்டே போனான்.

"நிமிர்ந்து பார்."

நிமிர்ந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. கருவிழி முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. அந்தக் கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பது பார்த்ததுமே தெரிந்தது. இமை பாதி இறங்கி, அந்தப் பக்கத்துக் கன்னமும் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

தொம்மை படம் வரைகிறவன். எங்கே நிற்கிறோம் என்பதை மறந்து அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எப்பலேருந்து, சாமி?"

"ஒன்பது வருஷம். உனக்குத் தெரியாதா?"

"தெரியாது, சாமி. எங்க யாருக்கும் தெரியாது."

அவன் மனசுக்குள் கோவிலைக் கொண்டுவந்து நிறுத்தினான். பெரிய கூடம் எந்தப் பக்கம், மேடை எந்தப் பக்கம், வளைவு எந்தப் பக்கம் என்று சரி பார்த்தான். பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னான்.

"எங்க பக்கம் இருந்தது பார்வை இருக்குற கண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. என்ன சொன்னான் என்று தலைவர் கேட்டார். லாசர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

சாமியார் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

*

அந்தச் சனிக்கிழமை தொம்மை தட்டிக்குப் போகவில்லை. போகலாமா கூடாதா என்று தெரியவில்லை.

வெயில் ஏறின நேரத்தில் கஸ்பார் சாமியார் சேரிக்குள் வந்தார். பெண்கள் வீட்டுக்கு வீடு எட்டிப் பார்த்து, யாருக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று விசாரித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை.

தொம்மை வீட்டில் நாற்காலி கிடையாது. வண்ணச் சாமான் வைக்கும் மரப்பெட்டியைத் துடைத்துப் போட்டான். சாமியார் உட்கார்ந்தார். நடுவில் தட்டி இல்லாததால் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

படத்தில் கண்ணைத் திருத்திவிடட்டுமா என்று தொம்மை கேட்டான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார் சாமியார்.

"இன்றைக்குக் கேள்வி கேட்கிறவன் நான். ஒரு மாதா படம்தான் வேண்டுமென்றால் நீயே இன்னொன்று வரைந்துகொள்ளலாம். ஆறு வருஷமாக அதையே ஏன் கேட்கிறாய்?"

தொம்மை வாசலைப் பார்த்தான். அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை.

"அது சலோமை, சாமி."

சாமியார் பெட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவள் சாகக் கிடந்தபோது கடைசி எண்ணெய் பூசினவன் நான்."

"தெரியும், சாமி. நான் வாசல்ல நின்னேன். உங்க முதுகுதான் தெரிஞ்சிது."

"அவள் என் கண்ணைப் பார்த்தாள். 'கண்ணுல என்ன சாமி, வலிக்குதா?' என்று கேட்டாள். வலிக்கவில்லை என்றேன். பெரிய கூடத்தில் இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்லை."

தொம்மை அழுதான். சாமியார் சொன்ன அந்த நாலு வார்த்தை சலோமை பேச்சு மாதிரியே இருந்தது. மூக்குத்தி இடது பக்கம்தான் என்பது அவனுக்கு அப்போது சட்டென்று ஞாபகம் வந்தது.

அவன் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வரைக்கும் சாமியார் காத்திருந்தார்.

"சுவரை இடித்தால் அடிதடி வரும். இடிக்காவிட்டால் நான் செய்தது பொய்ச் சத்தியம். எனக்கு வழி தெரியவில்லை, தொம்மை. நான் என்ன செய்யட்டும்?"

தொம்மை எழுந்து மேல்துண்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். சாமியார் அவன் பின்னால் போனார்.

கோவிலில் அப்போது யாரும் இல்லை. தொம்மை பக்கக் கூடத்தின் வாசலைத் திறந்தான். இருபத்திரண்டு வருஷத்தில் சாமியார் அந்த வாசல் வழியாக நுழைந்ததில்லை. நிலை தாழ்வாக இருந்ததால் தலை குனிந்து வந்தார்.

நாலாவது வரிசையில் ஒரு இடத்தைத் தொம்மை கையால் காட்டினான். சாமியார் அங்கே முழங்காலில் நின்றார். வளைவைப் பார்த்தார்.

மேடை தெரிந்தது. அதற்கு அப்பால் பெரிய கூடத்தின் ஒரு ஜன்னல் தெரிந்தது. மற்றதெல்லாம் சுவர்.

இடது பக்கம் சாய்ந்து பார்த்தார். வலது பக்கம் சாய்ந்து பார்த்தார். கழுத்தை நீட்டிப் பார்த்தார். தொம்மை அதையெல்லாம் செய்து பார்த்து வருஷக்கணக்கு ஆகிறது.

"பீடம் எங்கே?" என்று கேட்டார் சாமியார்.

தொம்மை சுவரைக் கையால் காட்டினான்.

*

மறுநாள் ஞாயிறு. முதல் மணி அடித்தது, இரண்டாம் மணியும் அடித்தது. பெரிய கூடம் நிறைந்தது. பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றியாகிவிட்டது.

சாமியார் வரவில்லை.

தொம்மை பக்கக் கூடத்தின் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். கால் வைக்கக் கூடாது என்று லாசர் சொன்னது அவனுக்கு மறக்கவில்லை. மணிச் சத்தமாவது கேட்கட்டும் என்று வந்திருந்தான். உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தான்.

நாலாவது வரிசையில், அவனுடைய இடத்தில், முழுப் பூசை உடுப்போடு கஸ்பார் சாமியார் முழங்காலில் நின்றிருந்தார்.

அவர் திரும்பி அவனைப் பார்த்தார். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். தொம்மை உள்ளே போய் அவருக்கு வலது பக்கத்தில் முழங்காலில் நின்றான்.

கோவில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் ஓடி வந்து சாமியார் காதில் ஏதோ சொன்னார். சாமியார் தலையை ஆட்டினார், ஆனால் எழவில்லை. உபதேசியார் திரும்பிப் போனார். பெரிய கூடத்தில் சலசலப்பு கேட்டது. ஒரு குழந்தை அழுதது.

கடைசியில் லாசரே வந்தார். வளைவு வரைக்கும் வந்து, அதற்கு இந்தப் பக்கம் கால் வைக்காமல் நின்றார். அவர் அங்கே வந்து நிற்பது அதுதான் முதல் தடவை.

"சாமி, நேரமாவுது. அத்தன பேரும் காத்திருக்கோம். பூசைய ஆரம்பிக்கலாம்."

சாமியார் முன்னால் பார்த்தபடியே இருந்தார்.

"இங்கிருந்து பீடம் தெரியவில்லை, லாசர்" என்றார். "தெரிந்ததும் ஆரம்பிக்கலாம்."